தூணுக்குச் சொன்னது

பக்கிரிசாமிக்கும் அவருடைய தங்கை புருஷன் கோகிலனுக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போய் நாலு வருஷம் ஆகிறது. அதற்காக அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மூச்சுக்கு முந்நூறு தரம் பேசிக்கொண்டார்கள். நேருக்கு நேர் பேசினால்தானே ரோஷம் போய்விடும்? பக்கிரிசாமி தான் வேலை செய்கிற தேயிலைத் தோட்டத்து ஒர்க்‌ஷாப் நடுவில் நிற்கிற இரும்புத் தூணைப் பார்த்துப் பேசுவார். கோகிலன், பக்கத்தில் எவன் அகப்படுகிறானோ அவனைப் பார்த்துப் பேசுவான். தூணுக்கு மட்டும் வாய் இருந்திருந்தால் அது என்றைக்கோ வேறு தோட்டத்துக்கு மாற்றல் கேட்டுப் போயிருக்கும்.

எல்லாம் ப்ரியாவின் சடங்கில் வந்த வினை. ப்ரியா கோகிலனின் ஒரே மகள். தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து மாலை போட வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அன்றைக்குப் பள்ளி விடுமுறை, போதாததற்குச் சனிக்கிழமை. வழியில் பிரிஞ்சாங்கில், சுற்றுலா வந்த கெரேட்டாக்கள், அதாவது கார்கள், முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் ஜேமாகி நின்றன. சீர்த்தட்டுகளோடு பக்கிரிசாமி வேனிலேயே உட்கார்ந்திருந்தார். தானா ராத்தா மண்டபத்தில் நல்ல நேரம் முடிகிறது என்று, கோகிலன் தன் அக்கா புருஷனை விட்டு மாலையைப் போட வைத்துவிட்டான். வேன் போய்ச் சேர்ந்தபோது முதல் பந்தி எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தது. தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது வேறொருத்தன் மாலை போடுவதா? பக்கிரிசாமி ஒரு தட்டைக்கூட இறக்கவில்லை. வேனைத் திருப்பச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அறுந்தது.

கோகிலன் மலைக்குக் கீழே அணைக்கட்டு ஏரியில் படகு ஓட்டுகிறவன். மழைத்தண்ணீர் அடித்துக்கொண்டு வருகிற மூங்கிலையும் பிளாஸ்டிக்கையும் இழுத்துக் கரை சேர்ப்பது வேலை. அந்தப் படகின் கியர்பெட்டி கெட்டுப்போயிற்று. படகுக்குச் சொந்தக்காரரான சீனத் தவுக்கேயும் தோட்டத்துத் துரையும் சிநேகிதர்கள். தேயிலைத் தொழிற்சாலை ஒர்க்‌ஷாப்பில் பக்கிரிசாமி இருக்கிறார், கொடுங்கள் என்று துரை சொல்லிவிட்டார். யாரைக் கேட்டுச் சொன்னார்? பக்கிரிசாமியைக் கேட்கவில்லை, கோகிலனையும் கேட்கவில்லை. பெட்டி ஒருநாள் காலையில் லோரியில் வந்து இறங்கியது.

அந்த வாரம் முழுக்கத் தூணுக்கு நல்ல தீனி. கோகிலன் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வருவான், வாசலிலேயே நிற்பான். பக்கிரிசாமி அவன் பக்கம் திரும்பாமல், இந்தப் பெட்டி கரை சேராது தூணே என்பார். ஏறி உட்கார்கிறவனை ஒருநாள் தண்ணீர் குடிக்க வைக்கும் பார் என்பார். கோகிலன் தன்னோடு வேலை செய்கிற புனிதனைப் பார்த்து, சில பேர் கை பட்டால் ஓடுகிற வண்டியும் படுத்துக்கொள்ளும் என்பான். புனிதன் பாவம், இரண்டு பக்கமும் தலையாட்டுவான். வாய்தான் இப்படியே தவிர, வேலையில் பக்கிரிசாமி ஒரு குறை வைக்கவில்லை. தேய்ந்ததை எல்லாம் மாற்றினார். எதிரியின் பெட்டி என்பதால் இன்னும் ஒரு படி கவனமாகவே செய்தார். நாளைக்கு ஒரு சொல் கேட்கக் கூடாதல்லவா?

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா? சனிக்கிழமை காலையில் எல்லாம் முடிந்து மேல்மூடியைப் போடுகிற நேரம். மூடிக்குள்ளே சுண்டைக்காய் அளவில் ஓர் எஃகுக் குண்டு உண்டு. முன்னால், பின்னால், சும்மா என்று லீவரைப் போட்ட இடத்தில் நிறுத்தி வைப்பது அந்தக் குண்டுதான். எண்ணெய்க் கை. குண்டு நழுவிப் பெட்டிக்குள் விழுந்தது. டிங் என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. பல்சக்கரங்களுக்கு அடியில் எங்கே போய்ப் பதுங்கியதோ, டார்ச் அடித்துப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அது அங்கேயே கிடந்தால் என்ன ஆகும் என்று பக்கிரிசாமிக்குத் தெரியும். சக்கரம் சுற்றுகிற வேகத்தில் ஒருநாள் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே போய் மாட்டும். பல் உடையும், பெட்டி இறுகும், தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறி நின்றுவிடும். எடுத்தே ஆக வேண்டும். தேயிலைத் தூளில் கலந்திருக்கும் இரும்புத் துணுக்கை இழுக்க, தொழிற்சாலைச் சலிப்பு அறையில் நல்ல காந்தம் வைத்திருக்கிறார்கள். அதை வாங்கி வரக் கிளம்பினார். கிளம்புமுன் தூசி விழக் கூடாதென்று மூடியை வைத்தார். லீவர் சரியாக விழுகிறதா என்று பார்த்துவிடுவோம் என வேறொரு குண்டை அதில் போட்டுத் திருகியும் வைத்தார். பார்க்கிறவன் கண்ணுக்கு வேலை முடிந்த பெட்டி.

சலிப்பு அறையில் காந்தத்துக்குக் கையெழுத்து வை, யாருக்கு, எதற்கு என்று கேள்வி கேட்டே நேரத்தைத் தின்றார்கள். திரும்பி வந்தால் மேசை காலி. வாசலில் லோரி நிற்கிறது, பெட்டி அதன் மேல் ஏறிவிட்டது. புனிதன் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். இரவு பெய்த மழையில் ஏரி நிறைந்து, தண்ணீர் சுரங்கத்துக்குள் போகிற வாயில் கம்பித் தடுப்பு முழுக்க மூங்கில் அடைத்துக்கொண்டதாம். இன்றைக்கே வாரி எடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். இதையெல்லாம் கோகிலன் புனிதனுக்குச் சொல்வது போலச் சொன்னான்.

தூணைத் தேடிக்கொண்டு உள்ளே போகக்கூட நேரமில்லை. பக்கிரிசாமி வாசலில் நின்றபடியே உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"தூணே, கேட்டுக்க. உள்ள குண்டு கெடக்குது. நடு ஏரியில வெச்சு வேலையக் காட்டும்."

கோகிலன் சிரித்தான். "பாத்தியா புனிதா, இன்னிக்குக் குண்டே வெச்சாச்சாம். தங்கச்சி தாலிய அறுக்க வெளியாளு எதுக்கு, அண்ணன் போதும் லா."

லோரி கிளம்பிவிட்டது.

அவர் சொன்னது சத்தியமான உண்மை. ஆனால் எந்தக் குரலில் சொன்னார்? ஒரு வாரமாக எந்தக் குரலில் சாபம் விட்டாரோ அதே குரலில். அவருக்கு வேறு குரலே வரவில்லை. மாப்ள, நில்லு என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அந்த மாப்ள மட்டும் மீன்முள் மாதிரி தொண்டையில் குறுக்கே நின்றுகொண்டது. அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டுமே, என் கைதான் தவறிவிட்டது என்று. அவனிடமா? அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

சொல்லியாச்சு, கேட்காவிட்டால் போகட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பீடியைப் பற்றவைத்தார், அது பாதியில் அணைந்தது. கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் தண்ணீரின் இழுப்பு எப்படி இருக்கும் என்று அவர் பார்த்திருக்கிறார். முழு மரத்தையே உறிஞ்சிக்கொண்டு போகும். அங்கே விசிறி நின்றால் படகு என்ன செய்யும்? தாலி அறுக்க அண்ணன் போதும் என்றானே, சனியன் பிடித்தவன், அது காதிலேயே நின்றது. பக்கிரிசாமி காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பழைய கெரேட்டாவை எடுத்தார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான், வேறு வழி?

கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கூட்டம் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. ஹாரன் அடித்து அடித்துக் கை வலித்தது. ஊர்ந்துகொண்டே தங்கை ருக்குமணிக்குப் போன் போட்டார். அவள் தேயிலைக் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு அப்போதுதான் லயத்து வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். கோகிலனுக்குப் போன் செய்து படகை எடுக்க வேண்டாம் என்று சொல், உள்ளே குண்டு கிடக்கிறது என்றார்.

ருக்குமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாலு வருஷமா ஒங்க ரெண்டு பேருக்கும் நான் தபால் தூக்குனது போதும்ண்ணே. இவரு ஒண்ணு சொல்லுவாரு, நீ ஒண்ணு சொல்லுவ, நடுவுல நான் மண்டைய ஒடச்சிக்கணும். நீயே போயி சொல்லு."

"புள்ள, இது ஜாடை இல்ல," என்றார் பக்கிரிசாமி. "நெஜமாவே கெடக்குது. நான்தான் போட்டேன்."

அவள் சட்டென்று போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளே திரும்ப அழைத்தாள். மூச்சு வாங்கியது. கீழே ஏரிக்கு இறங்கிவிட்டால் லைன் கிடைக்காதே, புனிதனுக்கும் அடித்துப் பார்த்தேன், போகவில்லை என்றாள். அண்ணே, சீக்கிரம் போ என்றாள்.

தானா ராத்தா தாண்டிக் கீழே இறங்குகிற வளைவில் எல்லா வாகனமும் நின்றுவிட்டன. மேட்டிலிருந்து மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. லோரி அதற்கு முன்னாலேயே போய்விட்டது போலிருக்கிறது. மஞ்சள் சட்டைக்காரர்கள் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள், மண் வாரும் யந்திரம் வர நேரமாகும் என்றார்கள். பக்கிரிசாமி கெரேட்டாவை ஓரம் கட்டிவிட்டு மண்ணில் கால் வைத்தார். முழங்கால் வரை உள்ளே போயிற்று. பின்னாலிருந்து மலாயில் கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபக்கம் ஏறியபோது ஒரு சப்பாத்து மண்ணோடு போய்விட்டது, இன்னொன்றை அவரே கழற்றி எறிந்தார். தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓட்டமும் நடையுமாக இறங்கினார். வழியெல்லாம் கோகிலனைத் திட்டினார். அவனைத் திட்டி முடித்து, தன்னைத் திட்டத் தொடங்கினார். மறுபடியும் அவனுக்கே வந்தார்.

படகுத் துறைக்கு வந்தபோது நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கியர்பெட்டியைப் பூட்டி முடித்திருந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புனிதன் கயிற்றை அவிழ்க்கக் குனிந்திருந்தான்.

பழக்கதோஷம் பாருங்கள், இந்த நேரத்திலும் வாய் கோணலாகத்தான் போயிற்று. "புனிதா, அந்த ஆளுகிட்ட சொல்லு, எஞ்சின நிறுத்தச் சொல்லு," என்றார். புனிதன் அவர் முகத்தைப் பார்த்தான், சேறு பூசிய காலைப் பார்த்தான். நான் யாரிடமும் எதையும் சொல்லப் போவதில்லை, எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, கயிற்றை அப்படியே போட்டுக் கரையில் தாவி ஏறிக்கொண்டான். புத்திசாலி.

இனி நடுவில் ஆள் இல்லை. தூணும் இல்லை.

"கோகிலா!" என்றார் பக்கிரிசாமி. நாலு வருஷத்தில் முதல் தடவை. "நான்தான்டா கை தவறி உள்ள போட்டேன். எடுக்கறதுக்குள்ள நீ தூக்கிட்டு வந்துட்ட. லீவர் குண்டு உள்ளதான் கெடக்குது."

கோகிலன் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணில் ஒரு நிமிஷம் என்னமோ வந்தது, உடனே போய்விட்டது. லீவரை முன்னாலும் பின்னாலும் தட்டிக் காட்டினான். டக், டக் என்று இடத்தில் போய் உட்கார்ந்தது. "குண்டு இல்லாமத்தான் இப்புடி விழுதா?"

"அது வேற குண்டு."

"ஓ, ஒரு பொட்டிக்கு ரெண்டு குண்டா?" கோகிலன் துப்பினான். "இன்னிக்கு நான் போகலன்னா தவுக்கே வேற ஆளப் போட்டுருவாரு. அதானய்யா ஒனக்கு வேணும்? அதுக்காகவா இம்மாந்தூரம் ஓடியாந்த?"

எப்படிச் சொன்னால் நம்புவான்? நியாயமாகப் பார்த்தால் பக்கிரிசாமியே நம்பியிருக்க மாட்டார். எதிரி வாயிலிருந்து வருகிற உண்மைக்கும் பொய்க்கும் ஒரே நாற்றம்தான். அவர் படகில் கால் வைத்தார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போய், எஞ்சினுக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தார்.

"சரி, ஓட்டு. நானும் வர்றேன்."

பக்கிரிசாமிக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. ஆற்றங்கரையில் நடக்கிற காரியங்களுக்குப் போனால்கூட மேட்டிலேயே நின்று தலையில் தெளித்துக்கொண்டு வந்துவிடுகிற ஆள். அது குடும்பத்துக்கே தெரியும், கோகிலன் அதை வைத்து அந்தக் காலத்தில் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறான். இப்போது அவர் பலகையைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. தூரத்தில் கம்பித் தடுப்புப் பக்கமிருந்து தண்ணீர் இரைகிற சத்தம் கேட்டது. கோகிலன் அவரைப் பார்த்தான், தடுப்பைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான். ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லி எஞ்சினை நிறுத்தினான்.

இப்போதுதான் ஊற்றிய புது எண்ணெயை வாளியில் இறக்கினார்கள். மூடியைக் கழற்றினார்கள். காந்தத்தைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டால், அது வழியில் அகப்பட்ட சக்கரத்தை எல்லாம் போய்க் கவ்விக்கொண்டது. சுற்றிலும் இரும்பு, அது என்ன செய்யும்? பக்கிரிசாமி பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வெட்டி, காந்தத்தை அதற்குள் சொருகி, முனை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி செய்தார். இனி ஒருவர் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும், ஒருவர் குழாயை விட்டுத் துழாவ வேண்டும். ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை.

"சுத்து. மெல்லடா. ஒங்கப்பன் வீட்டு செக்கா?"

"நீ மொதல்ல குழாய நேரா புடி."

"நிறுத்து. பின்னால திருப்பு. பின்னாலன்னா எது தெரியாதா?"

"கண்ணு தெரியாத ஆளெல்லாம் எதுக்குய்யா ஸ்பானரப் புடிக்கணும்? போடுறதும் நீ, கத்துறதும் நீயா?"

நாலு வருஷமாகத் தூண் வாங்கியதை எல்லாம் இப்போது அவரவர் நேரடியாக வாங்கிக்கொண்டார்கள். கரையில் குந்தியிருந்த புனிதன் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. முதல் தடவை காந்தத்தில் ஒன்றுமே வரவில்லை. இரண்டாவது தடவை ஓர் இரும்புச் சிம்பு வந்தது, பல்லின் ஓரத்திலிருந்து பெயர்ந்தது. அதைப் பார்த்ததும் இருவரும் வாயை மூடினார்கள். பக்கிரிசாமி மல்லாக்கப் படுக்காத குறையாகச் சாய்ந்து, அடியில், வெளியே போகிற தண்டுக்கு ஒட்டினாற்போல் குழாயை நுழைத்தார். க்ளிக் என்றது. மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தார்.

குண்டு வந்தது. அதன் ஒரு பக்கம் நசுங்கித் தட்டையாகியிருந்தது.

கோகிலன் அதை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். பூட்டியதும் ஒரு தடவை கியரைப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னான். கடக்கென்று ஒரு சத்தம் வந்ததாம். அவனும் கேட்டானாம்.

"கேட்டுட்டுமா கெளம்புன?" என்றார் பக்கிரிசாமி.

"பின்ன? நீ சொன்னதுதான் சரின்னு ஆயிருமே."

பக்கிரிசாமிக்குக் கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது. இந்த வீம்புக்காகவா ருக்குமணி வெள்ளைச் சீலை கட்டியிருப்பாள்? ஆனால் கையை ஓங்க அவருக்கு என்ன யோக்கியதை இருந்தது? தங்கைக்காகத்தான் வந்தேன், உனக்காக இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். தெரியும் என்றான் கோகிலன். பெட்டியை மூடி, எண்ணெயை ஊற்றி, ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினார்கள். அவன் முடுக்கியதை இவர் ஒரு தடவை சோதித்தார், இவர் முடுக்கியதை அவன் இரண்டு தடவை சோதித்தான்.

எல்லாம் முடிந்து கையைத் துடைக்கும்போது கோகிலன் பார்வை அவருடைய கால்மேல் விழுந்தது. பாதத்தில் தோல் உரிந்து சேற்றோடு ரத்தம் கசிந்திருந்தது.

"எங்கேருந்து நடந்தீங்க?" என்று கேட்டான்.

மண் சரிந்த இடத்திலிருந்து என்றார்.

கோகிலன் மேலே வளைவு வளைவாகப் போகிற பாதையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான். குரலை உயர்த்தாமல்தான் பேசினான். கத்தியிருந்தால் பக்கிரிசாமிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"சடங்கு அன்னிக்கு நீங்க வேன்ல ஒக்காந்திருந்த பிரிஞ்சாங்லேருந்து மண்டபத்துக்கு இதுல பாதிகூட இல்ல. எம்மவ அலங்காரத்தோட வாசல்லயே நின்னா. மாமா வந்துருவாரு, மாமா வந்துருவாருன்னு யாரையும் கிட்ட விடல. நல்ல நேரம் முடியப் போவுதுன்னு சொல்லியும் நின்னா. நான்தான் இழுத்துட்டுப் போயி ஒக்கார வெச்சேன்."

பக்கிரிசாமி வாயைத் திறந்தார். "தட்டெல்லாம் வண்டியில..." என்றார்.

"தட்ட யாரு கேட்டா?" என்றான் கோகிலன். "எறங்குங்க. எனக்கு வேலை கெடக்கு."

அவர் இறங்கினார். படகு ஆடியது, யாரும் கை கொடுக்கவில்லை. புனிதன் ஏறிக்கொண்டான். எஞ்சின் உறுமியது, கியர் சத்தமில்லாமல் விழுந்தது, படகு கம்பித் தடுப்பைப் பார்த்து நேராகப் போயிற்று. பக்கிரிசாமி கரையில் நின்று அவன் முதுகைப் பார்த்தபடி திட்டுவதற்கு ஒரு வார்த்தை தேடினார். நாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தவற்றில் ஒன்றுகூட அவன்மேல் போய் ஒட்டவில்லை.